எங்க வண்டி சாவி?

அண்ணிக்கு வாய் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பாலில் தண்ணீர் கூடினால் பால்காரரை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்பாள். பட்டறையில் தேய்ப்பு இயந்திரம் மக்கர் பண்ணினால் அதையும் நாலு வார்த்தை திட்டாமல் விடமாட்டாள். கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அண்ணியாகிப் போனவள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் குறைவு. ஆனால் அந்த வாயில் வராத சொல் ஒன்று உண்டு. 'என்' என்று சொல்ல வராது. கல்யாணமாகி வந்த நாள் முதல் நம்ம வீடு, நம்ம அடுப்படி, நம்ம குடை. தனக்குக் காய்ச்சல் வந்தால்கூட "நம்மளுக்கு உடம்பு சரியில்ல" என்றுதான் சொல்வாள்.

'நம்ம' நல்ல சொல்தான், யார் இல்லை என்றார்கள்? கேட்கிறவரையும் உள்ளே சேர்த்துக்கொள்கிற சொல். வந்தவரிடம் "எங்க வீடு" என்றால் வாசலிலேயே நிறுத்தி வைத்த மாதிரி. "நம்ம வீடு" என்றால் உள்ளே அழைத்து நாற்காலி போட்ட மாதிரி. மரியாதை தெரிந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் கேட்கிறவனுக்கும் கொஞ்சம் மரியாதை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நம்ம வீடு என்றதும் பாயைச் சுருட்டிக்கொண்டு குடிவந்துவிடுகிற ஆளிடம் அதைச் சொன்னால் என்ன ஆகும்? இந்த விஷயம் அண்ணிக்குத் தாமதமாகத்தான் புரிந்தது, பாவம்.

அவள் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிப் பட்டறையில். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி ஓரம் தேய்த்துக் கொடுக்க வேண்டும். சூடேறாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். தூளும் தண்ணீரும் கலந்த வெள்ளைச் சேறு தரையெல்லாம் பரவி, செருப்புக்குள்ளும் புகுந்துவிடும். அந்த ஈரத்தில் நாள் முழுக்க நின்றபடி வேலை. வலது முழங்கால் வீங்கத் தொடங்கி, பிறகு வற்றுவதையே விட்டுவிட்டது. "நிக்கிற வேலைய விட்டுடுங்கம்மா" என்றார் டாக்டர். சொல்வதற்கு அவருக்கென்ன, உட்கார்ந்துகொண்டுதானே சொன்னார்!

அந்த நேரத்தில்தான் சரிபார்க்கும் மேசையில் இருந்தவர் வேலையை விட்டுப் போனார். முதலாளி அண்ணியைக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க கண்ணு நல்ல கண்ணு. நாங்க விளக்குல காட்டிப் பாக்குற கீறல நீங்க சும்மாவே புடிச்சிடுறீங்க. இனிமே மேசைக்கு வந்துடுங்க."

ஜன்னலோரம் மேசை, காய்ந்த தரை, சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி. அண்ணிக்கு அந்த நாற்காலியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சம்பளம் கூடுமா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் முதலாளி. "கடைங்களுக்கு டப்பா எடுக்கற வேன் காலையில முதல் வேலையா வந்து நிக்கும். அதுக்குள்ள முந்தின நாள் சரக்கு முழுக்கப் பாத்து முடிச்சிருக்கணும். லேட்டானா எனக்கு வேற வழியில்லக்கா, சொல்லிட்டேன்."

அங்கேதான் சிக்கல். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ரயில் பாதை, அதன்மேல் நீளமாக ஒரு மேம்பாலம். நேராகப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஊரைச் சுற்றி இரண்டு பஸ் மாறிப் போனால் வேன் போன பிறகுதான் போய்ச் சேரலாம். பாலத்தில் நடந்து ஏறலாம், முழங்கால் சம்மதித்தால். நாற்காலியில் உட்காருவதற்காக முழங்காலை ஒழித்துக்கட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஆக, கையில் கிடந்த வளையல் போயிற்று, பேட்டரி சைக்கிள் வந்தது.

கடைக்கு வீட்டுக்காரரும் கூட வந்தார். அவர் சிமெண்டு கிடங்கில் கணக்கெழுதுகிறவர். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற மனிதர். கடைக்காரன் அண்ணியை ஏறெடுத்தும் பார்க்காமல் அவரிடமே விளக்கிக்கொண்டிருந்தான். "சார், பெடல மிதிச்சாப் போதும் சார், மோட்டார் கூடவே தள்ளிக் குடுக்கும். மேடு வந்தா இந்தப் பொத்தான அமுக்குங்க."

"எனக்கில்லப்பா" என்றார் வீட்டுக்காரர். "இவளுக்கு. பாலம் தாண்டி வேலைக்குப் போறா, முட்டி வலி. இவகிட்ட சொல்லு."

அப்படித் தெளிவாகச் சொன்னவர் அவர்தான். அன்றைக்கு அவர்மேல் அண்ணிக்கு ஒரு பெருமைகூட வந்தது. கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம், கால் மறக்கவில்லை. முதல் மிதியில் வண்டி முன்னால் இழுத்தபோது "ஐயோ!" என்று கத்தி, அடுத்த மிதியில் சிரித்துவிட்டாள்.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றதும் தெருவே எட்டிப் பார்த்தது. ஒரே வீட்டில் பின்னறையில் மனைவியோடு குடியிருக்கும் கொழுந்தன் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தான். செல்போன் கடையில் வேலை, மீசையைத் தடவாமல் பேச வராது.

"அட! யார் வண்டி அண்ணி?"

"நம்ம வண்டிதான் தம்பி!"

வாய் நிறையச் சொன்னாள். எல்லாரும் கேட்கும்படி சொன்னாள். யாராவது அப்போதே அந்த வாயைப் பொத்தியிருக்கலாம்.

முதல் சில வாரங்கள் அவளுடையவை. தெரு விளக்கு அணைவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். பாலத்தின் அடியில் பொத்தானை அமுக்கியதும் யாரோ முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளுவதுபோல வண்டி ஏறும். உச்சியில் காற்று முகத்தில் அடிக்கும். கீழே தண்டவாளங்கள் பளபளக்கும். இறக்கத்தில் பெடலையே தொடமாட்டாள். தன் உடம்புக்கு எடையே இல்லாத மாதிரி இருந்தது என்று பட்டறையில் சொன்னாள். மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு லென்ஸாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத் துடைத்து டப்பாவில் வைப்பாள். வேன்காரர் வந்து ஹாரன் அடிக்கும்போது கடைசி டப்பாவும் கட்டி முடிந்திருக்கும். மாலையில் முழங்கால் வற்றியிருந்தது. விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள், நம்ப முடியாமல்.

பிறகு கொழுந்தன் தன் மோட்டார் பைக்கைத் துணி போட்டு மூடினான்.

"பெட்ரோல் விக்கிற விலையில அத யாரு ஓட்டறது அண்ணி? சாயங்காலம் நம்ம வண்டி சும்மாதானே நிக்குது, ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்."

"எடுத்துட்டுப் போங்க தம்பி, இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்றாள் அண்ணி. கேட்க வேண்டாம் என்று சொன்னாளா, அவனும் அதோடு கேட்பதை நிறுத்திவிட்டான்.

ஒரு எட்டு ஊர்க்கோடி வரை நீண்டது. ஓரகத்தி அழகுநிலைய வேலை படிக்கப் போனாள். அவளை ஏற்றி இறக்கப் பின்னால் மெத்தை வைத்த இருக்கை வந்தது. பிறகு குடிதண்ணீர்க் கேன், சமையல் வாயு உருளை, அரிசி மூட்டை. மாடு வைத்து இழுக்க வேண்டியதையெல்லாம் அந்தச் சைக்கிள் இழுத்தது. ஒரு நாள் பின்சக்கரக் கம்பி இரண்டு முறிந்து தொங்கியது. "ஏதோ சத்தம் வருது அண்ணி, நீங்க கொஞ்சம் கடையில காட்டிடுங்க" என்றான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். இவன் மடத்தைப் பிடுங்கிக்கொண்டு பழுதுபார்க்கும் வேலையை மட்டும் அண்ணிக்கே விட்டுவைத்தான்.

அதுகூடப் பரவாயில்லை. பேட்டரி முழுசாக ஏற ராத்திரி முழுக்க ஆகும். நடையில் இருந்தது ஒரே ஒரு பிளக். அண்ணி சொருகிவிட்டுப் படுப்பாள். காலையில் பார்த்தால் ஒயர் பாம்புபோல் தரையில் கிடக்கும்.

"ஐயோ அக்கா, இஸ்திரி போடறதுக்காகப் புடுங்கினேன், திரும்பச் சொருக மறந்தே போயிட்டேன்" என்பாள் ஓரகத்தி, கையை உதறிக்கொண்டு. மறதிக்கு அவளுக்குப் பட்டமே கொடுக்கலாம். இஸ்திரி போட மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை.

சார்ஜ் இல்லாத பேட்டரி சைக்கிள்போல ஒரு சனியன் உலகத்தில் கிடையாது. சாதா சைக்கிளாக இருந்தாலாவது மிதித்துத் தொலையலாம். இதில் மோட்டார் கனம், பேட்டரி கனம், போதாததற்கு அந்த மெத்தை இருக்கை. பாதிப் பாலத்தில் மோட்டார் ஒரு முனகு முனகிவிட்டு அடங்கிவிடும். அண்ணி இறங்கித் தள்ளுவாள். காலுக்கு உதவட்டும் என்று வாங்கிய வண்டியை அந்தக் காலே சுமந்து மேடேற்றியது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

பட்டறையில் வேன் காத்திருக்கும். முதல்முறை முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கடுத்த முறை, தேய்ப்பு இயந்திரத்தில் நின்ற 'சுருட்டை' என்கிற சுருட்டைமுடிப் பெண்ணை மேசையில் உட்கார வைத்திருந்தார். அண்ணி வந்ததும் அவள் எழுந்து இடம் கொடுத்தாள். நாற்காலி சூடாக இருந்தது.

அன்று மாலையே சாவியைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டாள். கொழுந்தன் நடையில் வந்து நின்றான்.

"அண்ணி, எங்க வண்டி சாவி?"

"இங்கதான் தம்பி, பர்ஸுல இருக்கு" என்று சொல்லி, கொடுக்கக் கூடாது என்று நினைத்திருந்ததையே மறந்து, எடுத்து நீட்டிவிட்டாள். பழக்கம் அப்படி. கேட்டால் கொடுக்கிற கை, யோசித்துவிட்டுக் கொடுக்காது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "அக்கா, நாளைக்குப் பெரிய ஆர்டர். வேன் காத்துக்கிட்டு நிக்கக் கூடாது. நாளைக்கும் லேட்டானா மேசைக்கு வேற ஆள் போட்டுடுவேன். என்னைத் தப்பா நெனைக்காதீங்க."

வீடு திரும்பியதும் அண்ணி நேரே பின்னறை வாசலுக்குப் போனாள். ஓரகத்தி கண்ணாடி முன்னால் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, நாளைக்கு வேலைக்குப் போக வண்டி வேணும். இன்னிக்கு சாயங்காலம் யாரும் எடுக்க வேண்டாம். பிளக்கையும் புடுங்கிடாத. நாளைக்கு ஒரு நாள் லேட்டானா நம்ம வேலையே போச்சு."

ஓரகத்தி திரும்பக்கூட இல்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே, ரொம்ப நல்லவிதமாகத்தான் சொன்னாள்: "அதுக்கென்னக்கா, எடுத்துக்குங்க. எங்க வண்டி வேணும்னா கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க. நாங்களும் அதுக்கேத்த மாதிரி பாத்துக்குவோம் இல்ல?"

எங்க வண்டி.

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டாள். காதில் சரியாகத்தான் விழுந்ததா? எங்கே என்று கேட்பதற்கும் 'எங்க'தான், எங்களுடையது என்பதற்கும் 'எங்க'தான். எழுதினால் வேறுபடும், பேச்சில் இரண்டும் ஒன்று. ஆனால் இங்கே எதையும் எங்கே என்று கேட்கவில்லை ஓரகத்தி. அப்படியானால் நேற்றுக் கொழுந்தன் கேட்டது? எங்கே வண்டிச் சாவி என்று கேட்டானா, எங்கள் வண்டிச் சாவி என்று கேட்டானா? அவள் அதை முதல் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு பர்ஸைத் திறந்தாளே! நம்ம என்று சொல்லி அவனையும் ஓரகத்தியையும் உள்ளே கூட்டிவந்தாள். உள்ளே வந்தவர்கள் கதவைச் சாத்தி எங்க என்று சொல்கிறார்கள். அண்ணி வெளியே நிற்கிறாள்.

வீட்டுக்காரர் கிடங்கிலிருந்து வந்து முகம் கழுவும்வரை காத்திருந்தாள்.

"என்னங்க, தம்பிகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது. அது நான் வேலைக்குப் போக வாங்குனது. நாளைக்கு ஒரு நாள் என்ன ஆனாலும் வண்டி இங்க இருக்கணும்."

"சரி, சரி. நான் சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க."

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல? நீ பதறாத."

அவர் சொல்வார் என்று அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவர் சொன்னால் தம்பி தட்டமாட்டான் என்பதும் உண்மை. பேட்டரியைச் சொருகி, சார்ஜ் ஏறும் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் பிளக்கில் ஒயர் இருந்தது. பேட்டரி இல்லை. வாசலில் வண்டியும் இல்லை. வீட்டுக்காரர் தூக்கத்திலேயே புரண்டு படுத்து, "தம்பி யாரையோ ஸ்டேஷன்ல விடணும்னு அவசரமாப் போனான், இதோ வந்துடுவான்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. விழித்திருந்து, பார்த்து, விட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்.

அண்ணி நடந்தாள். ஓட முடிந்த இடத்தில் ஓடினாள். பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்தனைத் திட்டினாள், ஓரகத்தியைத் திட்டினாள், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டாள். இறங்கி வந்தபோது பட்டறை வாசலில் வேன் இல்லை. உள்ளே ஜன்னலோரத்தில் சுருட்டை குனிந்து வேலையாக இருந்தாள். இந்த முறை எழுந்திருக்கவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய கொடுமை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க. நம்ம பட்டறைதானே, எங்க நின்னா என்ன?"

நம்ம பட்டறை! அண்ணி ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். சுருட்டை தேய்த்துக் கொடுத்ததைவிட அவள் தேய்த்தது சுத்தமாக இருந்ததாம், முதலாளி பாராட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். காலை மடக்க முடியவில்லை, நீட்டித்தான் உட்கார முடிந்தது.

"மேசை போச்சு" என்றாள்.

வீட்டுக்காரர் கை அப்படியே நின்றது. "அடடா."

"தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அவன் அவசரத்துல இருந்தான், அப்ப போய்... இங்க பாரு, நமக்குன்னு யாரு இருக்கா? புள்ளையா குட்டியா? நாளைக்கு நாம விழுந்தா தூக்கிவிடப் போறது அவங்கதானே. ஒரு சைக்கிளுக்காக மூஞ்சிய முறிச்சுக்கலாமா?"

"விழாம இருக்கத்தானே அந்த சைக்கிள வாங்கினேன்."

அவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், ஏதோ கணக்கில் பிழை கண்டுபிடித்த மாதிரி சொன்னார்: "நீயும்தான் முதல் நாளே நம்ம வண்டி நம்ம வண்டின்னு ஊருக்கே சொல்லிட்ட. என் வண்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் ஏன் தொடப் போறான்?"

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அந்த மனிதரை அப்படி அவள் பார்த்ததில்லை.

"ஊருக்குத் தெரியாது, சரி. தம்பிக்குத் தெரியாது, அதுவும் சரி. கூட வந்து நின்னு, இவளுக்குத்தான்னு கடைக்காரன்கிட்ட சொன்னீங்களே. உங்களுக்குமா சொல்லணும்?"

தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, "சரி, நாளைக்குக் காலையில அவன்கூடவே கிளம்பறேன். போற வழியில பேசிடறேன். வீட்ல வெச்சுப் பேசினா பொம்பளைங்க காதுல விழுந்து பெரிசாயிடும்" என்றார். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள்.

மறுநாள் அவள் நேரத்தோடு கிளம்பி நடந்தாள். இனிமேல் நேரத்தோடு போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. நின்று நின்று போக நேரம் வேண்டுமே, அதற்காக. பாலத்தின் பாதி ஏற்றத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மோட்டார் முனகும் சத்தம் கேட்டது. திரும்பாமலே தெரிந்தது. மணி அடித்தது. அவள் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள்.

கொழுந்தன் ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னால் மெத்தை இருக்கையில் வீட்டுக்காரர், டிபன் பையை மடியில் வைத்து, தம்பியின் தோளைப் பிடித்தபடி. தம்பி ஏதோ சொல்லிக்கொண்டு வர, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நிச்சயம் சைக்கிளைப் பற்றிய பேச்சு இல்லை.

"அண்ணி! ரெண்டு பேர் ஏறியாச்சு, இல்லன்னா உங்களையும் ஏத்திக்குவேன்!" என்று கத்தினான் கொழுந்தன், நிறுத்தாமலே.

வீட்டுக்காரர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தவர், அப்படிச் செய்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியதோ என்னவோ, கையை உயர்த்திக் காட்டினார்.

"பாத்து வா" என்றார்.

வண்டி உச்சியைத் தாண்டி மறைந்தது.